'நிறைய தண்ணி குடிங்க'... எந்தத் தண்ணி? ஒரு சின்ன த்ரெட்

1/ ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம். அந்த நினைப்புலயே கிட்னி கல்லுன்னு ஓபிக்கு வர்றவங்ககிட்ட "நிறைய தண்ணி குடிங்க"ன்னு சொல்லிடுவேன். போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க: "எந்தத் தண்ணிய டாக்டர்? எங்க ஊர் போர் தண்ணிய வாயில வைக்க முடியல." எனக்கு பிளாச்சிமடா ஞாபகம் வந்துச்சு.

2/ பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச நாளிலேயே கிணறுகள் இறங்கின. மிச்சத் தண்ணியில் சோறு வேகலை, குளிச்சா அரிக்குதுன்னு ஜனங்க சொன்னாங்க.

3/ 2002 ஏப்ரல் 22, ஆலை வாசலில் போராட்டம். முன்னாடி நின்னவர் மயிலம்மா, பழங்குடிப் பெண்.

4/ ஆலைக் கழிவு, உரம்னு விவசாயிகளுக்குப் போனது. 2003-ல் பிபிசி கொடுத்த மாதிரியில் காட்மியமும் ஈயமும் இருந்தன. காட்மியம் உடம்பில் சேர்ந்தால் அடி வாங்குவது கிட்னி. கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுத்தது.

5/ அதே வருஷம், அந்தக் கிணற்றுத் தண்ணி குடிக்க லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம்!

6/ பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்கல. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் அரசுக் குழு போட்ட நஷ்டக் கணக்கு 216.26 கோடி ரூபாய். 2011-ல் கேரள சட்டசபை நிறைவேற்றிய இழப்பீட்டு மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கல. மயிலம்மா 2007-லயே போய்ட்டாங்க.

7/ உங்க ஊர் தண்ணி ருசி மாறினா, குடிநீர் வடிகால் வாரிய லேப்ல டெஸ்ட் பண்ணி எழுத்துல வாங்கி வைங்க. நானும் இப்போ முதல்ல கேக்குறது, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"