ஊர் இழந்தோரின் உறவுத் தேடல்: நெய்வேலிப் பகுதிக் குடும்ப வரலாற்று ஆய்வில் நில ஆவணங்களின் இடம்

முன்னுரை

தமிழ்க் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்க முற்படுவோர் பெரும்பாலும் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகின்றனர். மேலை நாடுகளில் குடும்பப்பெயர் ஒரு கால்வழியைப் பல தலைமுறைகளுக்கு அடையாளங்காட்டுகின்றது. தமிழ்நாட்டில் பெரும்பான்மையோருக்கு அத்தகைய பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு முன்னெழுத்தாகின்றது. அவர்தம் மக்களுக்கு அதுவும் மாறிவிடுகின்றது. எனவே ஒருவரின் பெயர், தந்தையின் பெயர், ஊர் ஆகிய மூன்றும் இணைந்தே அவரை அடையாளப்படுத்துகின்றன. இவற்றுள் முதலிரண்டும் பலருக்குப் பொதுவாக அமைவதால், தேடலின் நிலையான பிடிமானமாக ஊரே விளங்குகின்றது.

அந்த ஊரே நிலத்தில் இல்லாமற்போனால் உறவைத் தேடுவது எவ்வாறு? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் எதிர்கொள்ளும் வினா இது. குடும்பங்களை ஊரிலிருந்து பிரித்த நில எடுப்பு நடவடிக்கையின் ஆவணங்களே, பிரிந்த உறவுகளை மீண்டும் இணைத்துக் காண்பதற்குரிய முதன்மைச் சான்றுகளாகவும் அமைகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது. அச்சான்றுகளின் குறைபாடுகளையும் அவற்றை ஈடுசெய்யும் பிற சான்றுகளையும் உடன் ஆராய்கின்றது.

நெய்வேலியும் மறைந்த ஊர்களும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் இப்பகுதியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை உணர்த்தியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பகுக்கப்பெற்ற நகரியமும் உருவாயிற்று. பின்னர் இரண்டாம் சுரங்கமும் பிற விரிவாக்கங்களும் தொடர்ந்தன.

இது திறந்தவெளிச் சுரங்கம் ஆதலால் மேல்மண் முழுதும் அகற்றப்படுகின்றது. வீடுகளுடன் ஏரி, களம், சுடுகாடு, எல்லைக்கல் ஆகியனவும் மறைகின்றன. பழைய பத்திரங்கள் சுட்டும் நில அடையாளங்கள் எவற்றையும் இன்று நேரில் காண இயலாது. இக்காலத்தே ஆட்சி எல்லைகளும் மாறின. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நெய்வேலிப் பகுதி இன்றைய கடலூர் மாவட்டத்தில் அமைந்தது. ஆகவே ஓர் ஊரின் ஆவணத்தைத் தேடுவோர், ஆவணம் எழுதப்பட்ட ஆண்டில் அவ்வூர் எந்த மாவட்டத்தில், எந்த வட்டத்தில் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

வாய்மொழியில் வழங்கும் ஊர்ப்பெயர் வருவாய்க் கிராமத்தின் பெயராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'குப்பம்' என முடியும் சிற்றூர்கள் பல இப்பகுதியில் உள்ளன. ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் இத்தகைய சிற்றூர்கள் சில அடங்கக்கூடும். பாட்டி நினைவுகூரும் சிற்றூரின் பெயர் நிலப் பதிவேட்டில் இல்லாமையால் அப்படியோர் ஊரே இல்லை என முடிவுசெய்தல் பிழையாகும்.

பெயர்ச் சிக்கல்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இவ்வழக்கம் அன்புக்கு அடையாளமாயினும் ஆய்வாளருக்குச் சிக்கலாகின்றது. ஒரு மாதிரியைக் கொள்வோம். கோவிந்தசாமியின் மகன் முத்துசாமி. முத்துசாமியின் மகன் மீண்டும் கோவிந்தசாமி. மூத்த கோவிந்தசாமியின் தந்தையும் முத்துசாமி என்றால், 'முத்துசாமி மகன் கோவிந்தசாமி' என்னும் ஒரே பதிவு பாட்டனையும் குறிக்கலாம், பேரனையும் குறிக்கலாம். தந்தை பெயரைக் கொண்டு இவ்விருவரையும் வேறுபடுத்த இயலாது. ஆவணத்தின் ஆண்டும் அதில் கண்ட வயதுமே வேறுபடுத்தும்.

அண்ணன் தம்பியர் இருவரும் தத்தம் தலைமகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டிருப்பின் நிலைமை மாறுகின்றது. அங்குப் பெயரும் பாட்டன் பெயரும் ஒன்றாக, தந்தை பெயர் மட்டும் வேறுபடும். எனவே ஒரு பதிவை மட்டும் கொண்டு ஒருவரை அடையாளங்காணாது, உடன்பிறந்தார், பங்காளிகள், பக்கத்து நிலத்தார் ஆகியோரைச் சேர்த்து ஒரு குழுவாக அடையாளங்காணுதலே ஏற்ற முறையாகும்.

நில எடுப்புக் கோப்புகள்

1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இத்தகைய குழுப் பதிவுக்கு வழிவகுத்தது. அதன் 9ஆம் பிரிவின்படி நிலத்தில் அனுபோகத்தில் உள்ளவருக்கும் உரிமை உடையோராக அறியப்பட்டோருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. உரிமையாளர் வேறிடத்தில் வாழ்ந்து, அவருக்கு முகவரும் இல்லையெனில், கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புமாறு அப்பிரிவு பணித்தது. பிழைப்புக்காக ஊரை விட்டுச் சென்ற உடன்பிறந்தவரின் முகவரியை அவர்தம் குடும்பமே மறந்திருக்கலாம். கோப்பில் அது எஞ்சியிருக்கக்கூடும். 10ஆம் பிரிவின்கீழ், நிலத்தில் உரிமையுடைய பிறரின் பெயர்களையும் உரிமையின் தன்மையையும் தெரிவிக்குமாறு ஆட்சியர் கோர இயன்றது.

11ஆம் பிரிவின்கீழ் வழங்கப்பட்ட தீர்வம் இழப்பீட்டை உரிமையாளர்களிடையே பங்கிட்டது. கூட்டுக்குடும்ப நிலமாயின் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முடிவுசெய்ய உறவுமுறை தெரிந்தாக வேண்டியிருந்தது. பட்டாதாரர் இறந்திருப்பின் வாரிசுகளின் விவரம் விசாரணையில் இடம்பெற்றது. பங்கீட்டில் பிணக்கு எழுந்தபோது 30ஆம் பிரிவின்கீழ் வழக்கு நீதிமன்றம் சென்றது. தொகையைப் பெறுவதில் தகராறு இருந்தபோது 31ஆம் பிரிவின்கீழ் அது நீதிமன்றத்தில் வைப்பீடு செய்யப்பட்டது. ஆகவே வருவாய்த் துறைக் கோப்பில் தடயம் நின்றுவிட்ட இடத்தில் நீதிமன்றப் பதிவேட்டில் அது தொடர வாய்ப்புண்டு.

காலம் சார்ந்த ஒரு பொருத்தமும் இங்குக் கருதத்தக்கது. நிறுவனம் தோன்றிய அதே 1956இல், ஜூன் 17 முதல், இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல்நிலை வாரிசுகளாயினர். அதற்கு முந்தைய நில ஆவணங்களில் பெயரின்றி மறைந்த மகளிர், பிந்தைய வாரிசு விவரங்களில் கணவர் பெயரோடும் புகுந்த ஊரோடும் பதிவாக வழி ஏற்பட்டது. பங்கினை விட்டுக்கொடுத்து மகள் எழுதிய விடுதலைப் பத்திரம்கூட அவரது இருப்பிடத்தை ஆய்வாளருக்கு உணர்த்துகின்றது. திருமணத்திற்குப் பின் ஊரும் முன்னெழுத்தும் மாறுவதால் தேடலில் தவறிவிடும் மகளிரைக் கண்டறிய இவை பெரிதும் உதவும்.

பதிவேடுகளும் பத்திரங்களும்

கையகப்படுத்திய பின் நிலம் அரசின் பெயருக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ மாறிவிடுவதால், இன்றைய கணினிப் பட்டாவில் முன்னைய உடைமையாளரைக் காண இயலாது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவுகளும் அதற்கு முன்பே எடுக்கப்பெற்ற நிலங்களுக்குப் பயன்படா. பழைய நிலவரித் திட்ட 'அ' பதிவேட்டையே நாடுதல் வேண்டும். 1980இல் கர்ணம், மணியக்காரர் முதலிய பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டமையால், அவர்கள் பேணிய கணக்குகள் எங்குச் சென்றன என்பதையும் ஊர்தோறும் தனித்தனியே விசாரித்தறிய வேண்டும்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகங்கள் ஆள்பெயர் அட்டவணையையும் சொத்து அட்டவணையையும் தனித்தனியே பேணுகின்றன. புல எண் தெரியாதபோது ஆள்பெயர் அட்டவணை வழியாகவும், பெயர் ஐயத்திற்குரியதாக இருக்கும்போது சொத்து அட்டவணை வழியாகவும் தேடலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் கால்வழியை நேரடியாகவே கூறுகின்றது. கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை விவரம் பக்கத்து நிலத்தாரின் பெயர்களைத் தருகின்றது. அடுத்தடுத்த நிலங்கள் பல நேரங்களில் பங்காளிகளுடையவை ஆதலால், ஒரு பத்திரத்தின் நான்கெல்லையில் வரும் பெயர் மற்றொரு கிளைக்குத் திறவுகோலாகின்றது. நிலம் மறைந்த பின்னரும் நிலங்களின் அண்மை உறவு தாளில் நிலைத்திருக்கின்றது.

நில ஆவணத்தில் இடம்பெறாதோர்

இம்முறையின் பெருங்குறை வெளிப்படையானது. பட்டா இல்லாதவருக்குத் தீர்வத்தில் பெயர் இல்லை. பிறர் நிலத்தில் உழைத்த வேளாண் கூலிகள், அவர்களுள் பெரும்பகுதியினரான ஒடுக்கப்பட்ட சாதியினர், குடிவார உழவர் எனப் பலரும் ஊரை இழந்தும் கோப்பில் இடம்பெறாமற்போக நேர்ந்தது. இவர்களின் வழித்தோன்றல்களுக்கு வாக்காளர் பட்டியல் முதன்மைச் சான்றாகும். வீட்டு எண், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகியவற்றை அது உடைமை நோக்காது பதிகின்றது. 1989 வரை வாக்குரிமை வயது 21 ஆதலால், அக்காலப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லாமை அவர் இளையவராக இருந்தமையையும் காட்டலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பிறப்பு, இறப்புப் பதிவேடும் இதற்குத் துணைநிற்கும்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் மொய் நோட்டு ஆய்வாளர் அதிகம் கருதாத சான்று. அதில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தொகையும் எழுதப்படுகின்றன. கொடுத்ததைத் திருப்பிச் செய்யும் கடப்பாடு கருதியே எழுதப்படுவதால் பெயர்கள் கவனத்துடன் பதிவாகின்றன. இடம்பெயர்வுக்கு முன் நடந்த திருமணத்தின் மொய் நோட்டையும் பின் நடந்ததன் நோட்டையும் ஒப்பிட்டால், ஒரே ஊரார் எவ்வெவ்வூர்களில் சென்று குடியமர்ந்தனர் என்பது புலனாகும். குலதெய்வ வழிபாட்டிற்கான தலைக்கட்டு வரிப் பட்டியல், திருமணமான ஆண்களின் குடும்பங்களைக் கணக்கிடுவதால் பங்காளிக் கிளைகளைத் தொகுத்துத் தருகின்றது. ஊர் சிதறிய பின்னும் குலதெய்வத்தை முன்னிட்டுக் கூடும் குடும்பங்களிடம் இப்பட்டியல் தொடர்ந்து வளர்கின்றது. எனினும் மணமாகிச் சென்ற மகளிர் இதில் இடம்பெறார். அவ்விடத்தை மொய் நோட்டும் தாய்மாமன் சீர் பற்றிய நினைவுகளும் நிரப்புகின்றன.

கடல்கடந்தோரின் தேடல்

ஊர் மறைவு அயல்நாட்டில் வாழும் வழித்தோன்றல்களையும் தொடுகின்றது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதலாக, 1911 வரை 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் தென்னாற்காட்டாரும் அடங்குவர். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியன ஆங்கில ஒலிபெயர்ப்பில் பதியப்பட்டன. மொரீசியசின் ஒப்பந்தக் கூலி ஆவணங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. 2015இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இவ்வாவணங்களில் கண்ட ஊரை இன்றைய நிலப்படத்தில் தேடிக் காணாதவர், எழுத்தரின் எழுத்துப்பிழை என்றே பெரும்பாலும் கருதுவர். நெய்வேலியைச் சூழ்ந்த பகுதியைப் பொறுத்தவரை, ஊரின் பெயர் சரியாகவே எழுதப்பட்டு, ஊர் மட்டும் அகற்றப்பட்டிருக்கவும் கூடும். சுரங்கத்திற்கு முந்தைய நில அளவைப் படங்களோடு ஒப்பிட்ட பின்னரே எழுத்துப்பிழை என்னும் முடிவுக்கு வருதல் தகும்.

சான்றுகளை மதிப்பிடல்

இழப்பீட்டுக் கோப்பில் கூறப்படும் உறவு பணம் பங்கிடப்படும் வேளையில் கூறப்பட்டது. ஒரு சகோதரியின் பெயர் விடுபட்டிருக்கலாம்; காணாமற்போனவர் இறந்தவராகக் காட்டப்பட்டிருக்கலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், உறவுமுறை பற்றி இறந்தோர் கூறியவற்றை, பிணக்கு எழுவதற்கு முன் கூறப்பட்டிருந்தால் மட்டுமே சான்றாக ஏற்றது. நீதிமன்றத்தின் இவ்வளவுகோல் வரலாற்றாய்வுக்கும் பொருந்தும். நில எடுப்புக்கு முன் எழுதப்பட்ட பத்திரம், மொய் நோட்டு, பள்ளிப் பதிவு ஆகியவற்றோடு ஒத்துப்போகும்போதே கோப்பின் கூற்றை உறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

உறவு நிறுவப்படுவதால் இன்றும் பயன் விளைகின்றது. நிலம் இழந்த குடும்பத்தினர் என்னும் தகுதி, இழப்பீடு, வேலைவாய்ப்புக் கோரிக்கை ஆகியன அதனைச் சார்ந்துள்ளன. அதனாலேயே ஆய்வாளரின் பொறுப்பும் மிகுகின்றது. உறுதிப்படாத உறவை உறுதியானதாக எழுதுதல் ஒருவருக்கு உரிமையை மறுக்கவோ உரிமையற்றவருக்கு வழங்கவோ துணைபோகக்கூடும். கண்டறியப்பட்டவர் உறவைப் புதுப்பிக்க விரும்பாமலும் இருக்கலாம். அவர் இசைவின்றி இருப்பிடத்தை வெளியிடுதல் தகாது.

முடிவுரை

ஊரை அடிப்படையாகக் கொண்ட தமிழ்க் குடும்ப அடையாளம், ஊர் மறையும்போது அடித்தளத்தை இழக்கின்றது. நெய்வேலிப் பகுதியில் அவ்விழப்பை ஏற்படுத்திய நில எடுப்பு நடவடிக்கையே உரிமையாளர், வாரிசு, பங்கு, முகவரி ஆகியவற்றைப் பதிவுசெய்து வைத்தது. நிலமற்றோரையும் மகளிர் பலரையும் அது விட்டுவிட்டமையால் வாக்காளர் பட்டியல், மொய் நோட்டு, தலைக்கட்டு வரிப் பட்டியல் ஆகியன அதனோடு சேர்த்துப் பயிலப்பட வேண்டும். மறைந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் பழைய புல எண்கள், சிற்றூர்ப் பெயர்கள், மறுகுடியமர்வு இடங்கள் ஆகியவற்றை இணைக்கும் அட்டவணை ஒன்றை உருவாக்குதல் ஆய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணியாகும். பழைய ஊரில் வாழ்ந்து அதன் சிற்றூர்ப் பெயர்களையும் பங்காளி முறைகளையும் நேரில் அறிந்த முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்யக்கூடிய காலம் குறுகிவருகின்றது. தாளில் உள்ளவை காத்திருக்கக்கூடும் என்பதால், அப்பணி முதியோரின் வாய்மொழியிலிருந்தே தொடங்கப்பெறுதல் வேண்டும்.