சுவரில் நின்ற ஆணித் துளைகள்

வீடு மாறும்போது சாமி படங்களைக் கழற்றுகிறோம், நாள்காட்டியை எடுக்கிறோம், ஆணியையும் பிடுங்கிக்கொள்கிறோம். எஞ்சி நிற்பது துளை. ஒரு பிடி சிமெண்டை அதில் அப்பிவிட்டால் வேலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் பழைய வீடுகளில் பல வேளை அந்த ஒட்டு மட்டும் தனித்து நிற்க, சுற்றிலுமுள்ள பூச்சு உப்பி உதிர்ந்து, சிறு துளை பெருந்துளையாகிவிடுகிறது. இது ஏன் என்று அறிய வேண்டுமானால், சுவரின் வரலாற்றையும் அதில் இறங்கிய ஆணியின் வரலாற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

கோலா சுங்கை பாரு வட்டாரம் இதற்கு நல்லதொரு பாடசாலை. மலாய் மக்களின் பழைய மரவீடுகளில் மரத்தோடு மரத்தைப் பொருத்தி ஆப்பு வைத்து இறுக்கினார்கள். இரும்பாணிக்கு அங்கே அதிக வேலையில்லை. நம்மவர் வாழ்ந்த தோட்டத்து லயன் வீடுகளிலோ பலகைச் சுவரில் ஆணியடித்தே விளக்கையும் படத்தையும் மாட்டினோம். சற்று வடக்கே கோலா லிங்கியில் டச்சுக்காரர் 1757ஆம் ஆண்டில் கட்டிய கோட்டையின் கற்சுவர்கள் நிற்கின்றன. தெற்கே மலாக்கா நகரில் 1650ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த ஸ்டாத்ஹைஸ் மாளிகையும், செட்டிமார் சமூகத்தார் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் உள்ளன. அவை கட்டப்பட்ட காலத்தில் நாம் இன்று வாங்கும் சிமெண்ட் உலகில் இல்லை. இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில்தான்.

அதற்கு முன் சுவரைப் பிணைத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையிலிட்டுச் சுட்டு, நீர் விட்டுத் தாளித்து, மணலோடு குழைத்துப் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் அதில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை நம் முன்னோர் அறிவர். இத்தகைய சுவர் ஈரத்தை ஏற்கும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும்.

இந்தச் சுவரில் எதையாவது மாட்ட வேண்டுமானால், உளியால் துளையிட்டு, மரமுளையொன்றை அடித்திறக்கி, அம்முளையில் ஆணியை ஏற்றினார்கள். முளை காய்ந்தால் சுருங்கும்; ஆணி தளரும். துளையும் பெரிதாயிருக்கும். இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் இலண்டனில் ஒப்பந்த வேலை செய்துவந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாரச் சாதனங்களைப் பொருத்தும் பணி அவருக்கு வந்தது. சணல் இழைகளைப் பசையால் இறுக்கிச் சிறு குழலாக்கி, சிறிய துளையில் செருகி, அதனுள் திருகாணியைச் செலுத்தினார். திருகாணி ஏற ஏறக் குழல் விரிந்து சுவரைப் பற்றிக்கொண்டது. 1911இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1958இல் ஜெர்மனியின் ஆர்த்தூர் பிஷர் நைலானில் அதைச் செய்தார். கடைக்காரர் ‘வால் பிளக்’ என்று எடுத்துத் தருகிறாரே, அது இந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே துளையை அடைக்குமுன் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இது எந்தச் சுவர் என்பது. சுண்ணாம்புச் சுவரில் கெட்டிச் சிமெண்டை வைத்தால், நிலத்திலிருந்து ஏறிவரும் ஈரம் அவ்விடத்தில் வெளியேற வழியின்றிப் பக்கத்துப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் பாய்கிறது. ஈரம் உலரும்போது அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லை அரிக்கிறது. ஒட்டு நிற்கிறது, சுவர் கரைகிறது. ஆதலால், ஒட்டு ஒருபோதும் சுவரைவிடக் கெட்டியாயிருக்கலாகாது. மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய சுவர்களைக் காப்பதற்கும் இதே விதிதான்.

இனி வேலைக்கு வருவோம். இரும்பாணியின் துண்டு உள்ளே இருந்தால் எடுத்துவிட வேண்டும். கடற்காற்றில் துருப்பிடித்த இரும்பு பருத்துப் பூச்சைப் பிளக்கும். நைலான் செருகியில் திருகாணியைப் பாதி ஏற்றிக் குறட்டால் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையானால் உள்ளே தட்டிவிடலாம். தூசியைத் தூரிகையால் நீக்கி, துளையை நனைத்து, ஆழமான துளையானால் இரண்டு முறையாக நிரப்ப வேண்டும். முதல் அடுக்கு இறுகிய பின்பே அடுத்தது. சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் போதும். சிமெண்ட் பூசிய சுவருக்குச் சிமெண்ட் கலவையே பொருந்தும். பலகைச் சுவருக்கு அதே மரத்தில் சீவிய முளையும் பசையும் ஏற்றவை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய கட்டடங்களில் கல்நார்த் தகடுகளும் இருக்கலாம். பிரிட்டனில் பெரிய துளைகளை அடைத்துத் திருகாணி ஏற்றுவதற்கென்றே கல்நார் கலந்த பொருள் ஒருகாலத்தில் விற்கப்பட்டது. கல்நார்த் தூசி நுரையீரலுள் சென்றால் புற்றுநோய்க்கு இடமாகும். ஐயமுள்ள தகட்டைத் துளையிடவோ தேய்க்கவோ வேண்டாம்; அறிந்தவர்களிடம் காட்டுங்கள்.

துளை சிறிதுதான். ஆனால் அதை அடைக்க நாம் எடுக்கும் பொருள், முன்னோர் கட்டிய சுவரை வாழவைக்கவும் செய்யும், மாய்க்கவும் செய்யும். கரண்டியை எடுக்குமுன் உதிர்ந்த பூச்சில் ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்ப்போம். வெண்மையாய்ப் பொடிந்தால் அது சுண்ணாம்பாகவே இருக்கக்கூடும். அங்கே சிமெண்டுக்கு இடமில்லை.