ஐரிஸ் மர்டாக் (1919–1999)

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1919 ஜூலை 15ஆம் தேதி பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோருடன் லண்டனில் குடியேறி, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் சோமர்வில் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களையும் தத்துவத்தையும் கற்று 1942இல் முதல் வகுப்பில் தேறிய ஐரிஸ் மர்டாக், தத்துவ சாஸ்திரத்திலும் நாவலிலும் ஒருங்கே பெயர் பெற்ற ஆங்கில எழுத்தாளர். யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்த அவர், பின்னர் நிவாரண ஸ்தாபனமொன்றின் சார்பில் பெல்ஜியத்திலும் ஆஸ்திரியாவிலும் அகதிகளிடையே பணிபுரிந்தார். மாணவப் பருவத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்த காரணத்தால் அமெரிக்காவில் படிக்க அனுமதி மறுக்கப்படவே, கேம்பிரிட்ஜில் ஓராண்டு பயின்று, 1948 முதல் 1963 வரை ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஆன்ஸ் கல்லூரியில் தத்துவம் போதித்தார்.

1945இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிரெஞ்சுத் தத்துவஞானி ஸார்த்தரைச் சந்தித்திருந்த மர்டாக், 1953இல் அவரைப் பற்றிய ஆராய்ச்சியையே தம் முதல் நூலாக வெளியிட்டார். எனினும் அவருடைய சீடராகவில்லை. தேர்ந்தெடுக்கும் கணத்திலேயே மனிதனின் சுதந்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்னும் ஸார்த்தர் கொள்கையும், வெளிப்படையான செயலை மட்டுமே ஒழுக்கத்தின் விஷயமாகக் கொண்ட அக்கால ஆக்ஸ்போர்டு ஆசிரியர்களின் போக்கும் அவருக்கு ஒருங்கே குறையுடையனவாகத் தோன்றின. மூன்று வியாசங்கள் அடங்கிய 'த ஸாவரின்டி ஆஃப் குட்' (1970) என்னும் சிறு நூலில் இதற்கு அவர் கூறும் உதாரணம், நம் வீடுகளில் விளக்கம் வேண்டாதது. மருமகள் நாகரிகமற்றவள், சிறுபிள்ளைத்தனமானவள் என்று எண்ணும் மாமியார் ஒருத்தி, வெளி நடத்தையில் ஒரு குறையும் காட்டாமல், தன் எண்ணத்தில் பொறாமை கலந்திருக்குமோ என்று ஐயுற்று, அவளை மீண்டும் மீண்டும் நியாயமாக நோக்கி, நாகரிகமின்மையாகத் தோன்றியது எளிமையே என்றும், கூச்சலாகப்பட்டது உற்சாகமே என்றும் காண்கிறாள். யாதொரு செயலும் மாறவில்லை. ஆயினும் ஒழுக்க உலகில் ஒரு பெருங்காரியம் நிகழ்ந்துவிட்டது. அன்போடும் நீதியோடும் பிறரை உற்று நோக்கும் இந்த அவதானத்தைப் பிரெஞ்சு ஞானி சிமோன் வேயிடமிருந்தும், நன்மையே பரம்பொருள் என்னும் கருத்தைப் பிளேட்டோவிடமிருந்தும் அவர் பெற்றார்.

1954இல் வெளியான 'அண்டர் த நெட்' முதல் 1995இல் வெளியான 'ஜாக்ஸன்ஸ் டைலெம்மா' வரை அவர் எழுதிய நாவல்கள் 26. தத்துவத்தை நாவலுக்குள் புகுத்துவது தம் நோக்கமன்று என்று அவர் வற்புறுத்தி வந்தார். அதை அப்படியே ஒப்புக்கொள்வது கடினம். புக்கர் பரிசு பெற்ற 'த ஸீ, த ஸீ' (1978) நாவலில், ஓய்வுபெற்ற நாடக இயக்குநர் சார்லஸ் அரோபி, இளமைக் காதலியை முதுமையில் கடற்கரைக் கிராமமொன்றில் கண்டு, அவளுடைய இல்வாழ்க்கையையோ விருப்பத்தையோ சற்றும் மதியாமல், தன் கற்பனையில் சிருஷ்டித்த பெண்ணையே அவளிடம் தேடி அவளைச் சிறைவைக்கும் அளவுக்குப் போகிறான். மாமியார் செய்ததைச் செய்யத் தவறியவனின் கதை அது. பிளேட்டோ கலைஞர்களை ஏன் வெறுத்தார் என்று ஆராய்ந்து 'த ஃபயர் அண்ட் த சன்' (1977) எழுதியவர், அந்த வெறுப்புக்குத் தம் நாவல்களாலேயே மறுமொழி கூறினார் எனலாம்.

இறுதிக்கால நாவல்கள் அளவுக்கு மீறி நீண்டு தளர்ந்தவை. எடின்பரோவில் நிகழ்த்திய கிஃபர்டு பிரசங்கங்களிலிருந்து உருவான 'மெட்டஃபிஸிக்ஸ் அஸ் எ கைட் டு மாரல்ஸ்' (1992) என்னும் பெருநூலும் கட்டுக்கோப்பற்றதே. மறதிநோய்க்கு ஆளான மர்டாக் 1999 பிப்ரவரி 8ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் காலமானார். அவருடைய வியாதிக் காலத்தைப் பற்றிக் கணவர் ஜான் பெய்லி எழுதிய நினைவுநூல் பலரால் படிக்கப்பட்டு, 2001இல் திரைப்படமும் ஆயிற்று; புதிதாக மர்டாக்கை அணுகுவோர் அந்த நினைவுநூலையும் திரைப்படத்தையும் விடுத்து 'த ஸீ, த ஸீ'யிலிருந்து தொடங்குவதே தகும்.