கையஸ் கொசேடிஸைக் கொன்ற கதை

‘மோரோவிண்ட்’ கேமில் செய்டா நீன் கிராமத்தைவிட்டு வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் அலறல் கேட்கும். வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி தொப்பென்று விழுந்து செத்துப்போவான். அவனிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். ஒன்றை வாசித்துவிட்டுக் குதித்தால் ஊர்களைத் தாண்டிப் பறக்கலாம். இறங்கும்போது அவனைப் போலவே சாகலாம். விழும்போது இரண்டாவது சுருளை வாசிக்கணும் என்று புரிவதற்குள் நானும் சில தடவை செத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

பெதெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட கேம் அது. பால்மோரா ஊரில் சட்டையில்லாமல் இருக்கும் கிழட்டு ஒற்றர் தலைவர் கையஸ் கொசேடிஸ்தான் கதையைத் தொடங்கிவைப்பவர். ஒருநாள் சும்மா அவரைக் கொன்றுவிட்டேன். இனி கதை முடியாது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பழைய சேவுக்குத் திரும்புவதா, கெட்டுப்போன உலகத்திலேயே தொடர்வதா என்பதை என்னிடமே விட்டுவிட்டது. தொடர்ந்தேன். கதையில்லாத அந்த உலகத்தில் இரண்டு வாரம் சுற்றினேன்.

நண்பனிடம் சொன்னபோது, “கதையவே முடிக்க முடியலன்னா அதுல என்னடா சுதந்திரம்?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் கேமை உருவாக்கியவர்களும் அதை யோசித்திருந்தார்கள். மக்கள் கடவுளாக வணங்கும் விவெக்கையே கொன்றாலும், அழிந்துபோன ஓர் இனத்தின் கடைசி மனிதரைத் தேடிப்போய்க் கதையை முடிக்க ஒரு பின்வாசல் இருந்தது.

2006இல் வந்த ‘ஒப்ளிவியன்’ அந்த வாசல்களில் சிலவற்றை மூடியது. முக்கியப் பாத்திரங்கள் அடிபட்டால் மயங்கி விழுந்து, சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்கள். பாத்திரங்கள் தாமாகவே ஊர் சுற்றியதால், நமக்குத் தெரியாமலே எங்காவது செத்துப்போகும் ஆபத்து இருந்தது. அதற்கான காப்பு இது. மிதக்கும் மந்திரமும் போய்விட்டது. பெரிய நகரங்கள் மதிலுக்குள் தனித்தனியாக லோட் ஆகின. மதிலுக்கு மேலே பறந்து போக வழியில்லை.

அதே ‘ஒப்ளிவியன்’ 2025 ஏப்ரலில் ரீமாஸ்டராக வந்தது. மேலே அன்ரியல் இன்ஜின் 5 தரும் புதுக் காட்சி, உள்ளே பழைய இன்ஜின். ஓடும் வசதி சேர்ந்தது, லெவல் உயரும் முறை மாறியது. பொருளை இரட்டிப்பாக்கும் பழைய தில்லுமுல்லு மட்டும் அப்படியே வேலைசெய்தது. அதைப் பார்த்து ரசிகர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அழகுபடுத்துகிறேன் என்று உள்ளே கைவைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

‘மோரோவிண்ட்’டுக்கு நடப்பது இதற்கு நேர்எதிர். 2008இல் தொடங்கிய ‘ஓப்பன்எம்டபிள்யூ’ திட்டத்தில் தன்னார்வலர்கள் இன்ஜினைப் புதிதாக எழுதினார்கள். கேமின் கோப்புகள் நாம் வாங்கிய பழைய பிரதியிலிருந்தே வரணும். ஒருவர் தோலை மாற்றுகிறார், இன்னொருவர் எலும்பை மாற்றுகிறார். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: நான் தப்பு செய்ய இடம் மிச்சமிருக்கிறதா?

நாளைக்கு ‘மோரோவிண்ட்’டும் ரீமேக்காக வரலாம். மலையையும் மழையையும் அப்புறம் பார்த்துக்கொள்வேன். முதலில் பால்மோராவுக்குப் போய்க் கையஸைக் கொல்வேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால், கேமை மூடிவிட்டு என் பழைய சேவுக்கே திரும்பிவிடுவேன்.