ஸ்ப்லைன் என்றொரு மரப்பட்டி

மாத்தளையில் கடல் இல்லை. ஆனாலும் இங்கே ஆட்டோகேட் படிக்கிற எங்கட பிள்ளைகள், வீட்டுப் பிளானில் வளைவு போட 'ஸ்ப்லைன்' என்று தட்டுகிறார்களே, அந்தச் சொல்லுக்குள் கப்பல் பட்டறை இருக்கிறது.

ஸ்ப்லைன் என்றது முதலில் ஒரு மெல்லிய மரப்பட்டி. மண்டபம் மாதிரி பெரிய மரத்தளத்தில் கப்பலின் கோடுகளை முழு அளவிலேயே வரைவார்கள். பட்டியை வளைத்து, அசையாமல் ஈயக்கட்டி வைத்து, ஓரமாகக் கோடு இழுப்பது. வளைவு சரியா என்று சொல்வது கண்தான். முழங்கால் போட்டுக் குனிந்து பார்ப்பார்கள். அந்தக் கோட்டிலிருந்து அச்சு, அச்சை வைத்து இரும்புத் தகடு.

1960களில் நார்வேக்காரர்கள் 'ஆட்டோகான்' மென்பொருளில் அந்த வளைவை எண்களாக்கினார்கள். எண்கள் நேரே தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் போயின. தளம் வேண்டாம், அச்சு வேண்டாம். முழங்காலில் நின்றவரும் மெல்ல மெல்ல வேண்டாம் என்றாகிவிட்டது. கணினி வரலாறு எழுதுகிறவர்கள் இதை மட்டும் ஒரு வரியில் தாண்டுவதுதான் எங்கட கோபம்.

அப்படிப்பட்ட கைகள் நம்மிடமும் இருந்தன. வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. 1974இல் தொடங்கிய கொழும்பு டொக்யார்ட் 2023இல் கடலடிக் கேபிள் திருத்தும் கப்பலொன்றைப் பிரான்சுக்குக் கட்டிக் கொடுத்தது. அதன் பெயர் 'சோஃபி ஜெர்மேன்'. யாரென்று தேடினோம்: வளையும் தகடுகளின் கணக்குக்காக 1816இல் பரிசு வாங்கிய கணித மேதை!