தம்பிப் பட்டாளத்துச் சுபேதார்

கோலார் தங்கவயலிலுள்ள சாம்பியன் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. இருள் பிரியுமுன்னே சோற்றுப் பாத்திரமும் கையுமாகத் தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து பெங்களூர் வண்டியைப் பிடிக்கின்றனர். இவர்களுடைய பாட்டன்மார் சங்கு ஊதும் ஓசை கேட்டுச் சுரங்கத்தின் வாயை நோக்கி நடந்தவர்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் இறங்கியது. பாறை தானாகவே வெடித்துச் சிதறும் விபத்துக்கு அங்கே பலியானோர் பலர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்ட பிறகு பிழைப்பு பெங்களூருக்கு மாறிவிட்டது.

அந்த வண்டி போய்ச் சேரும் பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்குச் சிறிது தொலைவில் அல்சூர் ஏரி இருக்கிறது. அதன் கரையோரத்தில் ஒரு பழைய பட்டாளத்தின் தலைமையிடம் அமைந்திருக்கிறது. மதராஸ் ஸாப்பர்ஸ் என்பது அதன் பெயர். 1780ஆம் ஆண்டில் பயனீர்ப் படையாகத் தோன்றிய இப்பட்டாளத்தின் வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பது இராணுவத்தில் நெடுநாளைய வழக்கம். துப்பாக்கி பிடிப்பதோடு அவர்கள் கடமை முடிவதில்லை. பாதை போடுவது, பாலம் கட்டுவது, வெடி வைத்துத் தகர்ப்பது, எதிரி புதைத்த வெடியைத் தோண்டி எடுப்பது ஆகிய யாவும் அவர்கள் தொழிலே.

தமிழ் ஜில்லாக்களின் நிலமற்ற உழைப்பாளிகளுக்கு, பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்திய நாட்களில், ஊரைவிட்டு வெளியேறத் திறந்திருந்த வாசல்களுள் தங்கச் சுரங்கம் ஒன்று. ஸாப்பர்ஸ் பட்டாளம் மற்றொன்று. இரண்டிலும் கையாண்டவை கடப்பாறையும் வெடிமருந்துமே. 'மைன்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். சாம்பியன் ரீப்ஸில் அது சோறு போட்ட சுரங்கத்தைக் குறித்தது. போர்க்களத்திலோ அதே சொல் மண்ணுக்குள் காத்திருக்கும் கண்ணிவெடியைக் குறித்தது.

அவ்வாறு பட்டாளத்தின் வாசல் வழியே சென்றவருள் ஒருவர், செங்கற்பட்டு ஜில்லா, கீழ் ஒட்டிவாக்கத்தில் 1912ஆம் ஆண்டில் பிறந்த சுப்பிரமணியம். முப்பது வயதை ஒட்டிய பருவத்திலேயே அவர் சுபேதார் பதவிக்கு உயர்ந்துவிட்டார். இது சாமானியமன்று. வெள்ளைக்கார அதிகாரிக்கும் சிப்பாய்களுக்கும் இடையே நின்று, மேலிடத்துக் கட்டளையைத் தமிழில் சொல்லி வேலை வாங்குபவர் சுபேதாரே. வயல்வெளிக் கிராமத்து இளைஞர்கள் அந்நிய தேசத்தில் தகப்பன் ஸ்தானத்தில் வைத்துப் பார்த்ததும் அவரைத்தான்.

அவர் சேர்ந்திருந்தது 11ஆவது பீல்டு பார்க் கம்பெனி. கருவிகளையும் பாலச் சாமான்களையும் பராமரித்து, பட்டறை நடத்தி, தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்பி வைக்கும் கம்பெனி அது. நான்காவது இந்திய டிவிஷனோடு இணைந்திருந்த அது, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இத்தாலிக்குச் சென்றது. 1944 பிப்ரவரியில் அந்த டிவிஷன் மாண்டே காஸினோ மலையில் கடும் போரில் சிக்கியிருந்தது. மலையுச்சியிலிருந்த பழம்பெரும் கிறிஸ்துவ மடம் 15ஆம் தேதி குண்டுவீச்சில் தகர்ந்தது. காஸினோவுக்குத் தெற்கே, போர் முன்னரே கடந்துவிட்ட ஊர் மிஞ்ஞானோ. ஜெர்மானியர் பின்வாங்கிவிட்டனர். அவர்கள் புதைத்த வெடிகள் மட்டும் பின்வாங்கவில்லை.

அவற்றுள் கொடியது 'எஸ்' மைன். மண்ணுக்கு மேல் மூன்று மெல்லிய கம்பிகள் மட்டுமே தலைகாட்டும். கால் பட்டவுடன் சிறியதொரு ஓசை எழும். ஏறக்குறைய நான்கு விநாடி கழிந்தபின், அந்த உருளை மனிதனுடைய இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுந்து வெடித்து, 350 இரும்புக் குண்டுகளை எல்லாத் திசைகளிலும் வாரி இறைக்கும். மிதித்தவனோடு அது திருப்தியடைவதில்லை. உடன் வருவோர் அனைவரையும் வீழ்த்துவதற்கென்றே செய்யப்பட்டது.

பிப்ரவரி 24ஆம் தேதி மிஞ்ஞானோவில் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஒரு சிறு குழு ஈடுபட்டிருந்தது. சுபேதார் சுப்பிரமணியமும் அதில் இருந்தார். அவருடைய ஆட்களில் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். ஓசை கேட்டது. அதன் பொருள் அங்கே நின்றவர்களில் எவரையும்விடச் சுபேதாருக்கு நன்கு தெரியும். அந்த நான்கு விநாடியில் ஓடி ஒதுங்கித் தரையில் படுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். அவரோ முன்னோக்கிப் பாய்ந்து அந்த வெடியின் மீதே தம் உடலைப் போட்டுக்கொண்டார். வெடியின் முழு வேகத்தையும் அவ்வுடல் தாங்கியது. அவர் மாண்டார், உடனிருந்தோர் உயிர் பிழைத்தனர்.

நேயர்களே, ஆவேசத்தில் செய்த செயல் என்று இதைச் சிலர் எண்ணலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. திரியைக் கொளுத்திவிட்டு ஒதுங்குவதற்கு எத்தனை நேரம் உண்டு என்பது சாம்பியன் ரீப்ஸின் வெடி வைக்கும் தொழிலாளிக்கு மனப்பாடமான கணக்கு. சுபேதாரும் அந்தக் கணக்கை அறிந்த தொழிலாளியே. தம் உயிருக்குப் பயன்பட வேண்டிய விநாடிகளை அவர் பிறருக்காகச் செலவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, ஜூன் இறுதியில், அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. 1940இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய விருது அது. எதிரியின் எதிரே நின்று செய்யும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை. எதிரி நேரில் இல்லாதவிடத்துச் செய்யும் வீரத்துக்கு ஜார்ஜ் சிலுவை. இந்தியருள் முதன்முதலாக நேரடியாக இவ்விருது அளிக்கப்பெற்றவர் சுப்பிரமணியமே என்பது படை வரலாறு. மிஞ்ஞானோவில் எதிரி இல்லை என்பது விருதின் சட்டம். மண்ணுக்குள் கை வைத்தவனுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

1945ஆம் ஆண்டு, டில்லிச் செங்கோட்டையில் ராஜப்பிரதிநிதி வேவல் பிரபு அச்சிலுவையைச் சுபேதாரின் மனைவியிடம் அளித்தார். செங்கற்பட்டுக் கிராமத்திலிருந்து டில்லிக்கு அந்நாளில் சில நாள் ரயில் பிரயாணம். மொழி தெரியாத நகரம், சீருடைக் கூட்டம், வாத்திய முழக்கம். அவ்வளவுக்கும் நடுவே ஒரு தமிழ்ப் பெண் கையில் வாங்கியது, நீல நாடாவில் கோத்த சிறிய வெள்ளிச் சிலுவை. சுரங்க விபத்தில் கணவனை இழந்த தங்கவயல் பெண்கள், எத்தனை ஆழமாயினும், உடல் மேலே வருமென்று சுரங்க வாயிலில் காத்து நின்றார்கள். இந்த அம்மையாருக்கு அவ்வாறு காத்து நிற்கவும் ஓர் இடம் இல்லை. அந்த யுத்தத்தில் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். 87,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்கள் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிலுவையும் வரவில்லை.

இத்தாலியின் கீழ்க்கடற்கரையில், ஸாங்ரோ ஆற்றை அடுத்து, ஒரு யுத்த மயானம் உள்ளது. இந்து சமயத்தவரும் சீக்கியருமான வீரர்களைத் தகனம் செய்ததன் நினைவாக அங்கே ஒரு சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். நாடு விட்டு வந்து மாண்ட சில நூறு இந்தியரின் பெயர்களை அது தாங்கி நிற்கிறது. கீழ் ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியத்தின் பெயரும் அவற்றிடையே உள்ளது.