தாகூர் குடும்பத்தின் இரண்டு டிரஸ்டுகள்

தாகூர் என்றதும் நம் எல்லோருக்கும் ரவீந்திரநாத்தின் வெண்தாடி நினைவுக்கு வரும். பதிவுத் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் பத்திரங்களோடு காலம் தள்ளிய எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு வழக்கு. அந்தக் குடும்பத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் தங்கள் காலத்துக்குப் பிறகு சொத்து என்ன ஆக வேண்டும் என்று டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். ஒன்று பிழைத்தது, இன்னொன்று நீதிமன்றத்தில் பாதியில் ஒடிந்தது. உயில், டிரஸ்ட் பற்றி என்னிடம் விசாரிக்கும் நண்பர்களுக்கு நான் இந்த இரண்டு கதைகளையும்தான் சொல்வது வழக்கம்.

டிரஸ்ட் என்றால் நம் ஊரில் உடனே பள்ளிக்கூடம், அன்னதானம், கோயில் கட்டளை என்று நினைப்போம். குடும்பத்துக்காகவும் டிரஸ்ட் உண்டு. சொத்துக்குரியவர் அதை நம்பிக்கையான ஒருவர் பெயருக்கு மாற்றுவார். அந்த டிரஸ்டி சொத்தை நிர்வகிப்பார். பலன் வேறொருவருக்குப் போகும். பெயர் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. இடைக்கால இங்கிலாந்தில் இப்படித்தான் நிலத்தை நண்பர்கள் பெயரில் எழுதிவைத்து, மனைவி மக்களுக்காகப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நண்பர் ஏமாற்றினால் சாதாரண நீதிமன்றம் கைவிரித்துவிடும், ஏனென்றால் பத்திரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் அரசரின் சான்சலரிடம் முறையிட்டார்கள். மனசாட்சிப்படி நடக்கச் சொல்லி அவர் உத்தரவிட்டார். டிரஸ்ட் சட்டம் அங்கே வளர்ந்தது. ஆங்கிலேயர்களோடு அது கல்கத்தாவுக்கும் வந்தது.

முதல் கதை துவாரகாநாத் தாகூருடையது. ரவீந்திரநாத்தின் தாத்தா. 1834-ல் கார், தாகூர் அண்ட் கம்பெனி என்று ஆங்கிலேயரோடு கூட்டு சேர்ந்து வியாபாரம் தொடங்கியவர். நிலக்கரி, அவுரி, கப்பல் என்று கை வைக்காத தொழில் இல்லை. வியாபாரம் உச்சத்தில் இருந்தபோதே, இது என்றாவது கவிழலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1840-ல் சில ஜமீன்களைத் தனியே பிரித்து, பிள்ளைகளின் நன்மைக்காக டிரஸ்ட் பத்திரம் எழுதினார். ஷிலைதஹா அடங்கிய பிராஹிம்பூர், ஷாஜாத்பூர் ஆகியவை அதில் சேர்ந்தவை.

1846-ல் துவாரகாநாத் லண்டனில் இறந்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் கம்பெனி நொடித்தது. கடன் ஒரு கோடி, வரவேண்டியது எழுபது லட்சம் என்று மூத்த மகன் தேவேந்திரநாத் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஒரு கோடி! ஆனால் டிரஸ்டில் இருந்த ஜமீன்களைக் கடன்காரர்கள் தொட முடியாது. அப்பா போட்ட பூட்டு உறுதியானது.

தேவேந்திரநாத் அந்தப் பூட்டின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. டிரஸ்ட் சொத்தையும் கடனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று தம்பியோடு சேர்ந்து தாமாகவே முன்வந்தார். கடன்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஜமீன்களை ஏலத்துக்குக் கொண்டுபோகாமல், வருமானத்திலிருந்து கடனை அடைக்க வழிசெய்தார்கள். நிர்வாகம் பிறகு குடும்பத்தின் கைக்கே திரும்பியது. கடன் பல வருடங்களில் அடைந்தது. 1890-களில் அதே ஜமீன்களை மேற்பார்வை பார்க்கப் போனவர்தான் ரவீந்திரநாத். பத்மா நதியில் படகில் தங்கி எழுதிய கடிதங்களும் ‘போஸ்ட்மாஸ்டர்’ போன்ற கதைகளும் அந்த மண்ணில் பிறந்தவை. டிரஸ்ட் சொத்துக்குக் கவசமாக இருந்தது. மகனின் நாணயம் அந்தக் கவசத்துக்கே மரியாதை சேர்த்தது.

இரண்டாவது கதை கசப்பானது. துவாரகாநாத்தின் பங்காளி, பாதுரியாகட்டா கிளையைச் சேர்ந்த பிரசன்னகுமார் தாகூர். அரசு வக்கீலாக இருந்து பெரும் பணம் சம்பாதித்தவர். இந்து சட்டத்தில் கரைகண்டவர். ‘விவாத சிந்தாமணி’ என்ற சம்ஸ்கிருதச் சட்ட நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவருக்கு ஒரே மகன், ஞானேந்திரமோகன். அந்த மகன் 1851-ல் கிறிஸ்தவரானார். தன்னை மதம் மாற்றிய கிருஷ்ணமோகன் பானர்ஜி பாதிரியாரின் மகளையே மணந்தார். பின்பு லண்டன் போய் பாரிஸ்டரானார். முதல் இந்திய பாரிஸ்டர் அவர்தான்.

மதம் மாறினால் வாரிசுரிமை போகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே தகப்பனார் சும்மா இருந்தால் சொத்து மகனுக்குத்தான் போகும். நம் பக்கத்து மிதாட்சர முறையில் பூர்விக சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு வந்துவிடும். வங்காளத்தின் தாயபாக முறையில் அப்படி இல்லை. தகப்பன் கண் மூடும் வரை எல்லாம் அவர் இஷ்டம். பிரசன்னகுமார் அந்த உரிமையைப் பயன்படுத்தி 1862-ல் உயில் எழுதினார். மகனுக்கு ஒன்றும் கிடையாது. சொத்து டிரஸ்டிகளிடம் இருக்கும். அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஜதீந்திரமோகன் ஆயுள்வரை அனுபவிப்பார். அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன், அந்த மகனின் மூத்த மகன், அந்த வழி அற்றுப்போனால் வேறு உறவினர்களின் ஆண் வாரிசுகள் என்று, இன்னும் பிறக்காத தலைமுறைகள் வரை வரிசை போட்டுவைத்தார். பெண்களுக்கும் பெண்வழிப் பிள்ளைகளுக்கும் இடமே இல்லை. இங்கிலாந்துப் பிரபுக்களின் சொத்து மூத்த ஆண்மகன் வழியாகவே இறங்கும் முறையை அப்படியே கல்கத்தாவில் நட்டுவிடப் பார்த்தார்.

1868-ல் அவர் இறந்ததும் மகன் வழக்குப் போட்டார். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1872-ல் தீர்ப்பு. ஜதீந்திரமோகனுக்குக் கொடுத்த ஆயுள் உரிமை செல்லும். அதற்குப் பிறகு போட்ட வரிசை முழுவதும் செல்லாது. சட்டம் அறியாத புது வாரிசு முறையைத் தனி மனிதர் யாரும் உண்டாக்க முடியாது. உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராதவருக்கு இந்து சட்டப்படி சொத்துக் கொடுக்க முடியாது. நேராகச் செய்ய முடியாததை டிரஸ்ட் என்ற பெயரிலும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நான் பலமுறை யோசித்துப் பார்த்த விஷயம் அது. ‘இவனுக்கு ஒன்றும் கிடையாது’ என்று எழுதினால் மட்டும் போதாது. வேறு யாருக்காவது அது செல்லுபடியாகும்படி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போய்ச் சேராத மிச்சம் சட்டப்படியான வாரிசுக்கே திரும்பும். ஆகவே ஜதீந்திரமோகன் காலத்துக்குப் பின் சொத்து யாருக்கு என்றால், எந்த மகனை ஒதுக்குவதற்காக இத்தனை பக்கங்கள் எழுதப்பட்டனவோ, அந்த மகனுக்குத்தான்! ஆனால் அந்தக் காலம் வரும் முன்பே, 1890-ல், ஞானேந்திரமோகன் லண்டனில் இறந்துபோனார். ஜதீந்திரமோகன் 1908 வரை இருந்தார். அப்பாவும் ஜெயிக்கவில்லை, பிள்ளையும் முழுதாக ஜெயிக்கவில்லை.

அந்த உயிலில் நிலைத்து நின்ற பகுதி ஒன்று உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் பதவிக்காக பிரசன்னகுமார் விட்டுச்சென்ற நிதி. தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் என்று வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது அதனால் வந்தவையே. குருதாஸ் பானர்ஜி அதில் பேசிய தலைப்பு இந்துத் திருமணமும் ஸ்திரீதனமும். பெண்களை ஒதுக்கிய உயிலின் பணத்தில் பெண்களின் சொத்துரிமை பற்றிய முக்கியமான நூல் ஒன்று வந்தது.

இந்தத் தீர்ப்பு நம் ஊரையும் தொட்டது. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாமல் இந்துக் குடும்பங்கள் தவித்ததால், 1914-ல் சென்னை மாகாணத்தில் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1916-ல் இந்தியச் சட்டமும் வந்தது. இன்று பிறக்காத குழந்தைக்கும் எழுதிவைக்கலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இப்போது உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்கு மேல் அடுத்து வருபவர் மேஜராகும் வரை, அவ்வளவுதான். தர்ம காரியங்களுக்கு மட்டுமே காலவரம்பு இல்லை.

பணியில் இருந்த காலத்தில் ஒரு தம்பதியைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மகளுக்கு முப்பது வயது இருக்கும், மனவளர்ச்சி ஐந்து வயதுக் குழந்தையுடையது. வீட்டை அவள் பெயருக்கு எழுதலாமா, அண்ணன் பெயருக்கு எழுதி அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டார்கள். அவள் பெயருக்கு எழுதினால் அவளால் நிர்வகிக்க முடியாது. அண்ணன் பெயருக்கு எழுதினால் அது அவன் சொத்து. அவன் கடன்பட்டால் போகும், அவன் மனம் மாறினாலும் போகும். டிரஸ்ட் பொருந்துகிற இடம் இதுதான். இதற்கு 1882-ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. வீடு, நிலம் என்றால் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும், அல்லது உயில் மூலம் ஏற்படுத்தலாம். டிரஸ்டி கணக்கு வைக்க வேண்டும். அந்தச் சொத்தில் தனக்கென்று லாபம் பார்க்கக் கூடாது. மீறினால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அந்தத் தம்பதி வக்கீலைப் பார்த்து அப்படியே செய்தார்கள். டிரஸ்டி ஒருவர் மட்டும் என்றில்லாமல் அண்ணனோடு சித்தியையும் சேர்த்துக்கொண்டார்கள். அது புத்திசாலித்தனம்.

எனவே டிரஸ்ட் எழுத நினைப்பவர்கள் ஒரு கேள்வியை முதலில் தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். யாரைக் காப்பாற்ற எழுதுகிறேன், அல்லது யாரைத் தண்டிக்க எழுதுகிறேன்? துவாரகாநாத் முதல் கேள்விக்குப் பதிலாக எழுதினார், பிரசன்னகுமார் இரண்டாவது கேள்விக்கு. இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். சட்ட ஞானம் பிரசன்னகுமாருக்கே அதிகம். ஆனாலும் எது நிலைத்தது என்பது நமக்குத் தெரியும். டிரஸ்டி பெயரை எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகளிடம், முடிந்தால், நீங்கள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.